ஒத்திவைத்த அவை முடிந்த அவையா? பஞ்சாப் சட்டமன்றம்: 1968, 2023

1968 மார்ச் 7 அன்று பஞ்சாப் சட்டப்பேரவைத் தலைவர் ஜோகிந்தர் சிங் மான், அவையை இரண்டு மாதங்களுக்கு ஒத்திவைத்தார். ஒத்திவைப்பது பேரவைத் தலைவரின் அன்றாட அதிகாரம். மதிய உணவுக்காக ஒத்திவைப்பார், அமளி எழுந்தால் ஒத்திவைப்பார், மாலையில் மறுநாள் காலை வரை ஒத்திவைப்பார். ஆனால் அந்த இரண்டு மாதங்களுக்கு நடுவே மார்ச் 31 இருந்தது. நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடர் பாதியில் நின்றிருந்தது. நிதி ஒதுக்க மசோதா நிறைவேறாமல் ஏப்ரல் 1 பிறந்தால், மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து சட்டப்படி பணம் எடுக்க வழியில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 204(3), 266(3) பிரிவுகள் அதைத் திட்டவட்டமாகத் தடுக்கின்றன. ஊழியர் சம்பளம் முதல் மருத்துவமனைச் செலவு வரை எல்லாமே இந்த நிதியிலிருந்து வருபவைதான்.

ஒரு கூட்டத்தை முடிக்கும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான நிகழ்வு இந்தியச் சட்டமன்ற வரலாற்றில் குறைவு. 55 ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தில் அதே சொல் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இந்த முறை சிக்கல் எதிர்த்திசையில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ‘ஒத்திவைப்பு’ என்பதன் முழு எல்லையும் பிடிபடும்.

அமர்வு, தொடர், அவை

வழக்குக்குள் போகும் முன் மூன்று அடுக்குகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது அமர்வு: ஒரு நாளில் அவை கூடி உட்காருவது. இரண்டாவது கூட்டத்தொடர்: ஆளுநர் அழைத்ததில் தொடங்கி, அவர் முடித்துவைக்கும் வரை நீளும் பல அமர்வுகளின் கோவை. மூன்றாவது அவை: பொதுத்தேர்தலில் உருவாகி, பதவிக்காலம் முடியும்வரை அல்லது கலைக்கப்படும்வரை இருப்பது.

ஒவ்வோர் அடுக்கையும் நிறுத்தும் சொல் வேறு, அதைச் சொல்லும் உரிமை உள்ளவரும் வேறு. அமர்வை நிறுத்துவது ஒத்திவைப்பு. அதைச் செய்பவர் பேரவைத் தலைவர். தொடரை நிறுத்துவது முடித்துவைப்பு. 174(2)(அ) பிரிவின்படி அது ஆளுநரின் ஆணை, நடைமுறையில் அமைச்சரவையின் முடிவு. அவையையே நிறுத்துவது கலைப்பு. அதுவும் ஆளுநர் ஆணைதான், 174(2)(ஆ). நாடாளுமன்றத்தில் இதே இரண்டு அதிகாரங்களும் 85 ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவருக்கு உண்டு.

நாளேடுகளில் அடிக்கடி காணும் ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு’ இவற்றில் எது? பெரும்பாலானோர் இதைத் தொடரின் முடிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. லத்தீனில் ‘நாள் இன்றி’ என்று பொருள்படும் ‘சைனி டை’யின் தமிழ் வடிவம் இது. ஒத்திவைப்பின் ஒரு வகை, அவ்வளவே. மறுபடி கூடும் நாள் சொல்லப்படவில்லை என்பதைத் தவிர வேறொன்றும் மாறவில்லை. தொடர் உயிரோடுதான் இருக்கிறது. நிலத்தை ஒத்திக்கு வைத்தவருக்கு உரிமை அற்றுப்போவதில்லை அல்லவா? அப்படித்தான். வழக்கமாகச் சில நாள்களுக்குள் முடித்துவைக்கும் ஆணையும் வந்துவிடுவதால் இரண்டும் ஒன்றென்ற எண்ணம் நிலைத்துவிட்டது. அந்தச் சில நாள்கள் சில மாதங்களாக நீளும்போதுதான் வழக்கு பிறக்கிறது.

விளைவுகளும் வேறு வேறு. ஒத்திவைத்தால் நிலுவையில் உள்ள எதுவும் போகாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முடித்துவைத்தால், மக்களவை விதி 335இன்படி, நிலுவையில் உள்ள அறிவிப்புகள் எல்லாம் காலாவதியாகும். மசோதா அறிமுகம் செய்ய அனுமதி கோரும் அறிவிப்பு மட்டும் தப்பும். அறிமுகமாகிவிட்ட மசோதாக்கள் முடித்துவைப்பினால் காலாவதியாவதில்லை என்று 107(3), 196(3) பிரிவுகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. கலைப்பு அப்படியல்ல. பேரவையில் நிலுவையில் உள்ள மசோதாவும், பேரவை நிறைவேற்றி மேலவையில் நிலுவையில் உள்ள மசோதாவும் பேரவையோடு சேர்ந்து போய்விடும்: 196(5).

இன்னொன்று, இந்த நிகழ்வுக்கு உயிர்நாடி. ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரம் 213 ஆவது பிரிவில் இருக்கிறது. சட்டமன்றம் தொடரில் இருக்கும்போது அந்த அதிகாரம் கிடையாது. மேலவையும் உள்ள மாநிலமானால், இரண்டு அவைகளும் தொடரில் இருக்கும்போது கிடையாது. ஒத்திவைத்த அவை தொடரில் இருக்கும் அவை. ஆகவே ஒத்திவைப்பு மட்டும் இருந்தால் அவசரச் சட்டத்துக்கு வழி அடைபட்டிருக்கும்.

மார்ச் 7 முதல் 18 வரை

அன்றைய அரசியல் நிலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 1967 தேர்தலுக்குப் பின் குர்நாம் சிங் தலைமையில் அமைந்த ஐக்கிய முன்னணி ஆட்சி அந்த நவம்பரில் கவிழ்ந்தது. அதிலிருந்து பிரிந்த லச்மன் சிங் கில், காங்கிரசின் வெளி ஆதரவோடு முதலமைச்சரானார். பேரவைத் தலைவர் முந்தைய ஆட்சிக் காலத்தில் அந்த இருக்கைக்கு வந்தவர். அவர்மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம் அவைமுன் வந்திருந்த நிலையில், மார்ச் 7 அன்று அமளி எழுந்தது. கடும் ஒழுங்கின்மை ஏற்பட்டால் அவையை ஒத்திவைக்கலாம் என்ற நடைமுறை விதியைக் காட்டி அவர் இரண்டு மாதம் ஒத்திவைத்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது கால அளவு. அமளிக்காக ஒத்திவைக்கும் அதிகாரம், அமளி தணிய எவ்வளவு நேரம் தேவையோ அதற்காகத் தரப்பட்டது. அது ஒரு மணி நேரமாக இருக்கலாம், ஒரு நாளாகவும் இருக்கலாம். விதியின் எழுத்தில் மேல்வரம்பு இல்லை என்பதால் இரண்டு மாதம் என்று சொல்ல முடிந்தது. எழுத்தில் இடம் இருந்ததென்று நோக்கத்திலும் இடம் இருந்ததாகிவிடாது.

ஆளுநர் டி.சி. பாவட்டே எடுத்த நடவடிக்கைகளின் வரிசையைப் பாருங்கள். மார்ச் 11: கூட்டத்தொடரை முடித்துவைத்தார். மார்ச் 13: அவசரச் சட்டம் பிறப்பித்தார். மார்ச் 14: மார்ச் 18 அன்று கூடும்படி சட்டமன்றத்தை மறுபடி அழைத்தார். இந்த வரிசையில் ஒன்றைக்கூட மாற்ற முடியாது. முடித்துவைக்காமல் அவசரச் சட்டம் வராது. முடித்துவைக்காமல் புதிதாக அழைக்கவும் முடியாது, ஏனென்றால் ஏற்கெனவே தொடரில் உள்ள அவையை அழைப்பதற்கு ஒன்றுமில்லை. அவசரச் சட்டம் இல்லாமல் வெறுமே அழைத்திருந்தால், புதிய தொடரின் முதல் நாளிலேயே பேரவைத் தலைவர் மறுபடி ஒத்திவைத்திருக்கலாம்.

அந்த அவசரச் சட்டம் தேர்ந்த கையால் எழுதப்பட்டது. நிதி அலுவல்களை உரிய காலத்தில் முடிப்பதற்கான நடைமுறையைச் சட்டம் இயற்றி ஒழுங்குபடுத்தலாம் என்கிறது 209 ஆவது பிரிவு. அப்படி இயற்றிய சட்டம் அவையின் சொந்த நடைமுறை விதிகளோடு மோதினால் சட்டமே மேலோங்கும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அவசரச் சட்டத்துக்குச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் வலு உண்டு. இந்த மூன்றையும் சேர்த்து, நிதி அலுவல் முடியும்வரை அவையின் ஒப்புதல் இல்லாமல் அமர்வை ஒத்திவைக்கக் கூடாது என்று அவசரச் சட்டம் விதித்தது. ஒத்திவைக்கும் அதிகாரம் பேரவைத் தலைவரிடமிருந்து, அந்த ஓர் அலுவலுக்காக மட்டும், அவையின் பெரும்பான்மைக்கு மாறியது.

மார்ச் 18 அன்று அவை கூடியதும் பேரவைத் தலைவர் ஒரு தீர்ப்புரை வழங்கினார். தாம் மார்ச் 7 அன்று செய்த ஒத்திவைப்பு இன்னும் நடப்பில் இருக்கிறது, முடித்துவைப்பும் மறு அழைப்பும் செல்லாது, ஆகவே அவை இரண்டு மாத ஒத்திவைப்பிலேயே நிற்கிறது என்பது அதன் சாரம். சொல்லிவிட்டு அவையை விட்டு வெளியேறினார். துணைத் தலைவர் இருக்கையில் அமர்ந்தார். கூச்சல் குழப்பத்துக்கு நடுவே இரண்டு நிதி ஒதுக்க மசோதாக்களும் நிறைவேறின. அப்போது பஞ்சாபில் மேலவை இருந்தது. அங்கும் நிறைவேறி, ஆளுநரின் ஒப்புதலையும் பெற்றன. இவை பண மசோதாக்கள் என்பதற்குப் பேரவைத் தலைவர் தரவேண்டிய சான்று இல்லை. துணைத் தலைவர் தந்த சான்றே இருந்தது.

நீதிமன்றங்களில்

சட்டமன்ற உறுப்பினர்கள் சத்யபால் டாங், பல்தேவ் பிரகாஷ் இருவரும் வழக்குத் தொடுத்தார்கள். பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று, நிதி ஒதுக்கச் சட்டங்கள் செல்லாது என்றது. ஒரு மாநிலம் அந்த ஆண்டுக்குச் செலவழிக்கும் பணம் அனைத்தும் அடித்தளம் இழக்கும் நிலை. மேல்முறையீட்டில் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1968 ஜூலை 30 அன்று அந்தத் தீர்ப்பை மாற்றியது.

தீர்ப்பின் மையம் இதுதான். 174 ஆவது பிரிவு முடித்துவைக்கும் அதிகாரத்துக்கு நேரக் கட்டுப்பாடு எதையும் வைக்கவில்லை. அவை உட்கார்ந்திருக்கும்போதுதான் முடித்துவைக்க வேண்டும் என்றோ, ஒத்திவைப்பில் இருக்கும்போது கூடாது என்றோ எங்கும் இல்லை. நிதிநிலை அறிக்கை நிறைவேறாமல் மாநிலம் முடங்கும் நிலையில் ஆளுநர் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியதில் தீய நோக்கம் எதுவும் இல்லை. தொடர் முடிந்ததும், அதற்குள் செய்யப்பட்ட ஒத்திவைப்பும் அதோடு முடிந்துபோனது. மார்ச் 18 அன்று கூடியது புதிய தொடர். அதை ஒத்திவைக்கும் அதிகாரமோ அவசரச் சட்டத்தால் அவையிடம் போயிருந்தது. ஆகவே பேரவைத் தலைவரின் தீர்ப்புரையில் சட்டப்படி ஒத்திவைப்பு எதுவும் நிகழவில்லை. சான்று விஷயத்தில், துணைத் தலைவர் தந்ததைக் காட்டி நிறைவேறிய சட்டத்தை வீழ்த்த முடியாது என்று நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது.

இதில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது, கீழடுக்கு மேலடுக்கைத் தாண்டி உயிர்வாழாது என்ற தெளிவு. மே மாதம் வரை என்று ஒத்திவைத்திருந்தாலும், தொடர் மார்ச் 11இல் முடிந்தால் அந்த ‘மே’ காற்றில் கரைந்துவிடும். ஒத்திவைப்பில் சொல்லப்படும் நாள் ஒரு வாக்குறுதி மட்டுமே. தொடர் உயிரோடு இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

தீர்ப்பை ஆளுநருக்கான முழு அனுமதிச்சீட்டாகப் படிப்பது தவறு. அவசரச் சட்டத்துக்கு வழி திறப்பதற்காகவே அவையை முடித்துவைக்கும் உத்தியாக யாரும் இதைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற கவலை இன்றும் நியாயமானது. அருணாசலப் பிரதேசத்தில் ஆளுநர், 2016 ஜனவரி 14 அன்று கூடவேண்டிய பேரவையைத் தாமாகவே 2015 டிசம்பர் 16க்கு முன்னே இழுத்தார். 2016 ஜூலை 13 அன்று வந்த நபாம் ரெபியா வழக்கின் தீர்ப்பு, அழைப்பதும் முடித்துவைப்பதும் கலைப்பதும் அமைச்சரவையின் அறிவுரைப்படிதான் என்று கோடு கிழித்தது. 1968இன் தீர்ப்பை இனி அந்தக் கோட்டுக்குள் வைத்தே படிக்க வேண்டும்.

2023: முடிக்காமலே விட்ட தொடர்

பஞ்சாப் பேரவையின் நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடர் 2023 மார்ச் 3 அன்று தொடங்கியது. மார்ச் 22 அன்று பேரவைத் தலைவர் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார். முடித்துவைக்கும்படி அமைச்சரவை ஆளுநருக்கு அறிவுரை அனுப்பவில்லை. ஜூன் 19, 20 தேதிகளில் பேரவைத் தலைவரே அவையை மறுபடி கூட்டினார். சீக்கிய குருத்வாராக்கள் சட்டத் திருத்தம், பல்கலைக்கழகச் சட்டங்கள் திருத்தம், காவல்துறைச் சட்டத் திருத்தம், இணைப்புக் கல்லூரிகளின் பணிப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் என நான்கு மசோதாக்கள் நிறைவேறின.

ஆளுநர் பன்வாரிலால் புரோகித், அந்த இரண்டு நாள் கூட்டமே சட்டப்படியானதல்ல என்ற நிலைப்பாட்டை எடுத்து, மசோதாக்கள்மேல் முடிவெடுக்காமல் நிறுத்திவைத்தார். அவர் வாதம்: நிதிநிலை அறிக்கைத் தொடரின் அலுவல் மார்ச்சிலேயே முடிந்தது, ஜூனில் கூட ஆளுநரின் அழைப்பு வேண்டும். மாநில அரசின் வாதம்: தொடர் முடியவில்லை, ஒத்திவைப்பில்தான் இருந்தது, ஒத்திவைத்தவரே மறுபடி கூட்டலாம்.

2023 நவம்பர் 10 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு மாநில அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. பஞ்சாப் பேரவையின் நடைமுறை விதி 16 இதற்கு நேரடி விடை வைத்திருந்தது: தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்த பின்னும் எப்போது வேண்டுமானாலும் அமர்வைக் கூட்டப் பேரவைத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. மக்களவை விதி 15 சொல்வதும் இதையே. ஜூன் 19, 20, அதே தொடரில் பின்னர் கூடிய அக்டோபர் 20 ஆகிய நாள்களின் அமர்வுகள் செல்லும் என்று கொண்டு ஆளுநர் மசோதாக்கள்மேல் முடிவெடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

இதற்கு முன்னோடியும் உண்டு. மக்களவையின் குளிர்காலத் தொடர் 2003 டிசம்பர் 23 அன்று தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டு, 2004 ஜனவரி 29 அன்று மறுபடி கூடியது. புத்தாண்டின் முதல் தொடர் குடியரசுத் தலைவர் உரையோடு தொடங்க வேண்டும் என்கிறது 87 ஆவது பிரிவு. உரை இல்லையே என்று ராம்தாஸ் அத்வாலே வழக்குத் தொடுத்தார். 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விடை: ஜனவரியில் கூடியது புதிய தொடர் அல்ல, பழைய தொடரின் இரண்டாம் பகுதி, ஆகவே உரை தேவையில்லை. ஆண்டு மாறினாலும் தொடர் மாறுவதில்லை.

1968இல் ஒத்திவைப்பு அவையைப் பூட்டும் கருவியானது, 2023இல் அதே ஒத்திவைப்பு அவையைத் திறந்தே வைத்திருக்கும் கருவியானது. இரண்டு தீர்ப்புகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டுமே ஒரே விதியில் நிற்கின்றன: ஒத்திவைப்பு தொடரை முடிப்பதில்லை. ஆனாலும் ஒரு தொடரை முடிக்காமல் ஆண்டு முழுக்க இழுத்துக்கொண்டே போவது நல்ல வழக்கம் அல்ல என்பது எங்கள் கருத்து. சட்டம் இடம் தருகிறது என்பதற்காக ஆளுநரின் அழைப்பு என்ற படியையே தாண்டிச் செல்வதை வாடிக்கையாக்கினால், அந்தப் படி பிறகு யாருக்கும் உதவாது.

கணக்கில் அடிக்கடி நேரும் ஒரு பிழையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற 174(1) பிரிவின் காலத்தை, முடித்துவைத்த ஆணையின் நாளிலிருந்து பலர் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. கடைசி அமர்வு நடந்த நாளிலிருந்து, அடுத்த தொடரின் முதல் அமர்வுக்குக் குறித்த நாள் வரை எண்ண வேண்டும். மார்ச் 22 அன்று கடைசியாக உட்கார்ந்து, ஏப்ரல் 20 அன்று முடித்துவைத்தால் கடிகாரம் ஓடத் தொடங்கியது மார்ச் 22இல்.

பதிவேட்டில் ஒரு சொல்லை அடித்து எழுதிய நாள்

வெளிநாட்டு நிகழ்வு ஒன்று இதோடு அருமையாகப் பொருந்துகிறது. 2019 செப்டம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அக்டோபர் 14 வரை முடித்துவைக்கப்பட்டது. செப்டம்பர் 24 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது, நிகழாததற்குச் சமம் என்றார்கள். மறுநாள் மக்களவை கூடியபோது சபாநாயகர் ஜான் பெர்கோ, நடவடிக்கைப் பதிவேட்டில் முடித்துவைப்பு பற்றிய பதிவு நீக்கப்படும், அந்த நாளின் அலுவல் முடிவில் அவை ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று திருத்தப்படும் என்று அறிவித்தார். முடித்துவைக்கும் சடங்கின்போது அரச ஒப்புதல் அறிவிக்கப்பட்டிருந்த நாடாளுமன்றக் கட்டடச் சீரமைப்பு மசோதாவுக்கு அந்த ஒப்புதலை மறுபடி அறிவிக்க வேண்டியிருந்தது. அங்கே முடித்துவைத்தால் நிலுவை மசோதாக்கள் பொதுவாகச் செத்துப்போகும், நம் நாட்டில் போகாது. அதனால்தான் அங்கே இந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு எடை.

தமிழ்ப் பயன்பாட்டில் வழுக்கும் இடங்கள்

2022 பிப்ரவரி 12 அன்று மேற்கு வங்கப் பேரவைத் தொடரை ஆளுநர் ஜகதீப் தன்கர் முடித்துவைத்தார். அவையையே முடக்கிவிட்டதைப் போல நாடெங்கும் பேச்சு எழுந்தது. தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் கண்டித்தார். மாநில அரசின் வேண்டுகோளின்படிதான் செய்தேன் என்று தன்கர் விளக்கினார். தொடர் முடிவதற்கும் அவை முடங்குவதற்கும் உள்ள தூரத்தைச் செய்தித் தலைப்பு காட்டத் தவறினால் இப்படித்தான் ஆகும். ‘பேரவை முடக்கம்’ என்று எழுதாமல் ‘பேரவைக் கூட்டத்தொடர் முடித்துவைப்பு’ என்று எழுதினால் குழப்பத்தில் பாதி குறையும்.

‘ஒத்திவைப்புத் தீர்மானம்’ இன்னொரு வழுக்கல். கூட்டத்தை முடிக்கக் கோரும் தீர்மானம் என்று பெயர் சொல்வதுபோல் இருக்கிறது. உண்மையில் அன்றைய அலுவலை நிறுத்திவிட்டு ஓர் அவசரப் பொருளை விவாதிக்கக் கோருவது அது. மக்களவையில் அனுமதிக்கு எதிர்ப்பு எழுந்தால் 50 உறுப்பினர்களாவது எழுந்து நிற்க வேண்டும். மாநிலங்களவையில் இந்தத் தீர்மானமே கிடையாது.

நீதிமன்றச் செய்திகளில் நிலைமை மோசம். ‘வழக்கு ஒத்திவைப்பு’ என்றால் விசாரணை இன்னொரு நாளுக்குப் போகிறது, பேச்சுவழக்கில் வாய்தா. ‘தீர்ப்பு ஒத்திவைப்பு’ என்றால் விசாரணை முடிந்துவிட்டது, வாதங்கள் எல்லாம் கேட்டாகிவிட்டது, தீர்ப்பு மட்டும் பாக்கி. முதலாவதில் வழக்கறிஞர் அடுத்த முறையும் வாதாட வேண்டும், இரண்டாவதில் அவருக்கு வேலை முடிந்தது. ஒரே சொல் இரண்டு நேரெதிர் நிலைகளுக்கு ஓடுகிறது. ‘தீர்ப்பு தேதி குறிப்பிடாமல் தள்ளிவைப்பு, விசாரணை நிறைவு’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுவதே நேர்மையான வழி.

நிறுவனங்களிலும் சங்கங்களிலும்

சட்டமன்றத்தில் ஆளுநர், பேரவைத் தலைவர் என்று இரண்டு கைகள். நிறுவனப் பொதுக்கூட்டத்தில் ஒத்திவைக்கும் அதிகாரத்தின் உண்மையான சொந்தக்காரர்கள் உறுப்பினர்கள். கோரம், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, உள்ள கூட்டத்தில் உறுப்பினர்களின் சம்மதத்தோடு தலைவர் ஒத்திவைக்கலாம். கூட்டமே பணித்தால் ஒத்திவைத்தாக வேண்டும். தனக்குப் பிடிக்காத தீர்மானம் வருகிறது என்பதற்காகத் தலைவர் ‘கூட்டம் முடிந்தது’ என்று எழுந்து போனால் கூட்டம் முடியாது. எஞ்சியவர்கள் வேறொருவரைத் தலைவராகத் தேர்ந்து தொடரலாம் என்பது 1894இல் இங்கிலாந்தில் நேஷனல் டுவெல்லிங்ஸ் சொசைட்டி வழக்கில் நிலைநாட்டப்பட்டது. அமளியாலோ இடநெருக்கடியாலோ கூட்டம் நடத்தவே முடியாதபோது தலைவருக்குத் தாமே ஒத்திவைக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதாது, முடிவு நியாயமானதாகவும் இருக்க வேண்டும். லண்டன் லைஃப் நிறுவனத்தின் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் அரங்கு கொள்ளாமல் திரண்டதும், தலைவர் அன்று மதியமே வேறோர் இடத்துக்கு ஒத்திவைத்தார். அந்த இடைவெளிக்குள் வர முடியாதவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்று நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

கோரம் இல்லாததால் ஒத்திவைக்கும் கூட்டத்தில்தான் தவறுகள் அதிகம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 103 ஆவது பிரிவு படி: குறித்த நேரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் கோரம் சேராவிட்டால் கூட்டம் அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்குத் தானாக ஒத்திப்போகும். இப்படி ஒத்திப்போனாலும், நாளையோ நேரத்தையோ இடத்தையோ இயக்குநர் குழு மாற்றினாலும் குறைந்தது மூன்று நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஒத்திவைத்த கூட்டத்திலும் அரை மணிக்குள் கோரம் சேராவிட்டால் வந்திருப்பவர்களே கோரம். உறுப்பினர்கள் கோரிக்கை விடுத்துக் கூட்டிய கூட்டம் மட்டும் விதிவிலக்கு. அது ஒத்திப்போகாது, ரத்தாகிவிடும். இயக்குநர் குழுக் கூட்டத்துக்கும் அடுத்த வாரம் அதே நாள் என்ற விதிதான். அந்த நாள் தேசிய விடுமுறையாக இருந்தால் தேசிய விடுமுறை அல்லாத அடுத்த நாள்.

கூட்டத்தை 30 நாளுக்கோ அதற்கு மேலோ ஒத்திவைத்தாலோ தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தாலோ முதல் கூட்டத்துக்குத் தந்ததுபோலவே முழு அறிவிப்பு தர வேண்டும். ஒத்திவைத்த கூட்டத்தில் விட்டுப்போன அலுவலை மட்டுமே எடுக்கலாம். ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பில் புதியதொன்றை நுழைத்தால் அந்தத் தீர்மானம் பின்னால் எளிதாக உடைபடும்.

நடவடிக்கைக் குறிப்பு எழுதுபவருக்கு: ‘கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. எத்தனை மணிக்கு, யார் முடிவால், என்ன காரணத்தால், எந்த நாள், நேரம், இடத்துக்கு, எந்தெந்த அலுவல் பாக்கி என்பது எல்லாம் அதே பத்தியில் வர வேண்டும். நாள் குறிக்கவில்லையென்றால் ‘தேதி குறிப்பிடாமல்’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். எல்லா அலுவலும் முடிந்திருந்தால் ‘ஒத்திவைப்பு’ என்ற சொல்லே வேண்டாம். ‘கூட்டம் நிறைவுற்றது’ என்று எழுத வேண்டும். ‘நன்றியுரையுடன் கூட்டம் இனிதே ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதப்படும் குறிப்புகள், தொடர்ச்சி ஒன்று எங்கோ காத்திருக்கிறது என்ற சந்தேகத்தைப் பதிவேட்டில் நிரந்தரமாக வைத்துவிடுகின்றன.

தீர்மானத்தின் தேதியும் அப்படியே. ஒத்திவைத்த கூட்டம் சட்டப்படி முதல் கூட்டத்தின் தொடர்ச்சிதான். ஆயினும் அதில் நிறைவேறிய தீர்மானம், முதல் கூட்டம் தொடங்கிய நாளில் நிறைவேறியதாகக் கொள்ளப்படாது. உண்மையில் நிறைவேறிய நாளே அதன் தேதி என்று நிறுவனங்கள் சட்டத்தின் 116 ஆவது பிரிவு சொல்கிறது. ஜூன் 5 அன்று தொடங்கி ஜூன் 12 அன்று முடிந்த கூட்டத்தில், 12 அன்று நிறைவேறிய தீர்மானத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் 30 நாள் கெடுவை 12இலிருந்து எண்ண வேண்டும். குறிப்பின் தலைப்பில் 5 என்று போட்டு, தீர்மானத்துக்குத் தனியாகத் தேதி போடாமல் விட்டால் தாக்கல் படிவத்தில் இரண்டு தேதிகள் மோதும். அதனால் ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் அது நிறைவேறிய நாளைத் தனியே எழுதிவிடுவது வழக்கமாக வேண்டும்.